கண்வலிக்கிழங்கையும் நரை அணிலையும் ஒப்பிட்டு அட்டவணை போடுவது எப்படி

பூக்கும் தாவரம் ஒன்று, கொறிணி (கொறித்துத் தின்னும் விலங்கு) ஒன்று எடுத்து வகைப்பாட்டையும் பாதுகாப்பு நிலையையும் ஒப்பிடச் சொன்னால் கொங்குப் பக்கத்திலேயே நல்ல ஜோடி இருக்கிறது. மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிராகும் கண்வலிக்கிழங்கு. அமராவதி, சின்னாறு கரைக்காடுகளில் வாழும் நரை அணில்.

முதலில் அறிவியல் பெயரைப் பிடியுங்கள். செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, கண்வலிக்கிழங்கு மூன்றும் ஒரே கொடிதான்: குளோரியோசா சூப்பர்பா. அணிலில் சிக்கல் வேறு. 'மலையணில்' என்று தேடினால் செம்பழுப்பு முதுகுள்ள ரட்டூஃபா இண்டிகா வந்து நிற்கும். நமக்கு வேண்டியது சாம்பல் நிற ரட்டூஃபா மேக்ரூரா.

வகைப்பாட்டில் 'உலகம்' (தாவர உலகம், விலங்குலகம்) என்ற முதல் வரியிலேயே இரண்டும் பிரிந்துவிடும். அதற்குக் கீழே கொடிக்கு ஒருவித்திலைத் தாவரம், லிலியேல்ஸ் வரிசை, கோல்ச்சிகேசி குடும்பம். அணிலுக்கு முதுகுநாணி, பாலூட்டி, ரோடென்ஷியா வரிசை, சையூரிடே குடும்பம். பழைய பாடநூல்கள் கொடியை லிலியேசியில் வைத்திருக்கும். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். இரு பக்கமும் 'குடும்பம்' என்று இருப்பதால் இரண்டும் சம அளவு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாவரத்துக்கும் விலங்குக்கும் பெயரிடும் விதிநூல்களே தனித்தனி.

அதிகம் தவறுவது பாதுகாப்பு நிலையில்தான். ஐ.யு.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிட்டு வெளியிடும் சிவப்புப் பட்டியலில் கொடி 'கவலை குறைந்த இனம்', அணில் 'அச்சுறுநிலையை நெருங்கிய இனம்'. மூலனூர்க் காடுகரையில் கம்பி கட்டிப் படரவிட்ட கொடியெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. இயற்கையில் தானாக வளர்வது மட்டுமே சேரும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை பரவியிருப்பதால்தான் அந்த நிலை. கிழங்கைத் தோண்டி விற்கும் ஒரு மலையில் அது அருகிப்போயிருந்தாலும் உலக நிலை மாறாது. அணிலோ தென்னிந்தியா, இலங்கை தவிர வேறெங்கும் இல்லை. கிளைக்குக் கிளை தாவும் விலங்கு. கரையோர மரவரிசை அறுந்தால் கூட்டம் துண்டாகிவிடும். பட்டியலில் அணிலின் இப்போதைய நிலைக்கு அடுத்த, ஆபத்து கூடிய படி 'அழிவாய்ப்பு இனம்'. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் எண்ணிக்கை 30 சதவீதம் குறைவது அதற்கான அளவுகோல்களில் ஒன்று.

சட்டத்துக்குத் தனி வரி போடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நரை அணில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நிலைக்கட்டத்தில் 'அருகிய இனம்' என்று நிரப்பிவிடுகிறார்கள். சட்ட அட்டவணை வேறு, சிவப்புப் பட்டியல் வேறு. நிலைக்குப் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டையும் குறித்துவையுங்கள், மறுமதிப்பீட்டில் மாறக்கூடும். வேறு செடி எடுத்து அது பட்டியலிலேயே இல்லையென்றால் 'மதிப்பிடப்படவில்லை' என்று எழுதுங்கள். 'தரவு போதாது' என்பது மதிப்பிட்டுப் பார்த்த பிறகு தரும் வகை.