உருமாறும் ஜப்பானிய ரோபோ பொம்மைகள்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

என் மேசையில் வெள்ளி நிற நிசான் ஃபேர்லேடி இசட் கார் பொம்மை ஒன்று நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கதவை நகத்தால் நெம்பித் திறந்தால் உள்ளே ஓட்டுநர் இருக்கை தெரியும். உட்கார ஆள் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டியில் ப்ளூஸ்ட்ரீக் என்ற பெயரோடு விற்ற பொம்மை இது. தானே யோசித்துத் தானே ஓடும் ரோபோவுக்கு ஓட்டுநர் இருக்கை எதற்கு? இந்தக் கேள்விதான் என்னை இந்தச் சேகரிப்புக்குள் இழுத்துவந்தது.

பதில் ஜப்பானில் இருக்கிறது. டகாரா நிறுவனம் 1980-இல் டயாகுளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. அதில் ரோபோ வெறும் வண்டி. ஓட்டுவதற்கு, பாதத்தில் காந்தம் வைத்த மூன்று சென்டிமீட்டர் மனிதர்கள் கூடவே வருவார்கள். 1982-இல் அதே வரிசையில் நிஜ கார்களை 1/60 அளவில் சுருக்கி, கார் ரோபோக்களாக வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம், 1983-இல் டகாராவின் இன்னொரு பொம்மை வரிசையான மைக்ரோமேனின் கிளையாக மைக்ரோ சேஞ்ச் வந்தது. கேசட் பிளேயர், கைத்துப்பாக்கி என்று வீட்டில் கிடக்கும் சாமான்களே ரோபோவாக மாறும். இந்த இரண்டையும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ உரிமம் வாங்கி ஒன்றாகச் சேர்த்து, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற புதுப் பெயரும் புதுக் கதையும் கொடுத்து 1984-இல் விற்றது. கதையில் ரோபோவுக்கு உயிர் வந்ததும் ஓட்டுநர் காணாமல் போனார். பொம்மையை வார்க்கும் அச்சை யாரும் மாற்றவில்லை, அதனால் இருக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இந்தப் பொம்மைகளில் இப்படி நிறைய ஒளிந்திருக்கின்றன. கையில் எடுத்துத் திருப்பினால்தான் அகப்படும். அதனால் இந்தச் செய்முறை முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகும்: மாற்றிப் பார்க்கக்கூடிய பொம்மையை வாங்குங்கள், வாங்கியதை மாற்றிப் பாருங்கள்.

படி 1: குடும்பங்களை அடையாளம் காணுங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும். முக்கியமாக மூன்று வீடுகள்.

முதல் வீடு பண்டாய். அதன் துணை நிறுவனமான பாப்பி 1974-இல் மசிங்கர் இசட் என்ற கார்ட்டூன் ரோபோவைத் துத்தநாகக் கலவை உலோகத்தில் வார்த்து, சோகோகின் என்ற பெயரில் விற்றது. ‘அதி உலோகம்’ என்று பொருள். கையில் வைத்தால் கனம் தெரியும், அந்தக் கனத்துக்காகவே பிள்ளைகள் அதை விரும்பினார்கள். அடுத்த ஆண்டே பறவையாக மாறும் ரைடீன் வந்தது. 1976-இல் ஐந்து வாகனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு ரோபோவாகும் கோம்பாட்லர் வி. 1982-இல் மெஷின் ரோபோ. இதில் வந்த சின்ன பொம்மைகளுக்கு 600 வரிசை என்று பெயர், காரணம் அவற்றின் விலை 600 யென். அமெரிக்காவில் இவையே கோபாட்ஸ் ஆயின.

இரண்டாவது வீடு, மேலே சொன்ன டகாரா. 2006-இல் டோமியோடு இணைந்து டகாரா டோமி ஆகிவிட்டது. ஆகவே பெட்டியிலோ பொம்மையிலோ ‘டகாரா டோமி’ என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் அது 2006-இலோ அதற்குப் பிறகோ வந்தது. இந்த ஒரு குறிப்பு பல ஏமாற்றங்களிலிருந்து காப்பாற்றும்.

மூன்றாவது வீடு இப்போது இல்லை. டகடோகு என்ற சிறிய நிறுவனம், 1982-இல் தொடங்கிய மேக்ரோஸ் என்ற கார்ட்டூன் தொடருக்காக விஎஃப்-1 வால்கிரி போர் விமானத்தை 1/55 அளவில் செய்தது. வடிவமைத்தவர் ஷோஜி கவாமோரி. டகாராவின் பேட்டில் கான்வாய், அதாவது பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் ஆன லாரி, அதிலும் அவருடைய கை உண்டு. 1984-இல் டகடோகு நொடித்துப்போனது. அச்சுகள் பண்டாயிடம் போய், அதே விமானம் மறுபடி விற்பனைக்கு வந்தது. 1985-இல் அதுவே ஜெட்ஃபயர் என்ற பெயரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டிக்குள்ளும் நுழைந்தது. ஒரே அச்சு, மூன்று பெட்டிகள். விலை மூன்றுக்கும் வேறு வேறு.

படி 2: முதல் பொம்மையைத் தேர்ந்தெடுங்கள்

ஆரம்பத்திலேயே பெட்டியோடு, தெர்மோகோலோடு, ஒட்டாத ஸ்டிக்கரோடு இருக்கும் கான்வாயைத் தேடாதீர்கள். அதை வாங்கினால் தொடப் பயப்படுவீர்கள். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பழையதற்கு மெஷின் ரோபோ 600 வரிசையில் பெட்டி இல்லாத ஒன்று போதும். சின்னது, உலோகம் கலந்தது, தொலைந்துபோகும் உதிரிகள் குறைவு. நாற்பது வருடத்துக்கு முந்தைய வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று விரலுக்குப் புரிந்துவிடும்.

புதியதற்கு உங்கள் மனதுக்குப் பிடித்த பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பண்டாயின் சோல் ஆஃப் சோகோகின் 1997-இல் தொடங்கியது, முதல் எண் மறுபடியும் மசிங்கர் இசட்தான். டகாராவின் மாஸ்டர்பீஸ் வரிசை 2003-இல் கான்வாயோடு தொடங்கியது. டயாகுளோனும் 2016-இல் உயிர்த்தெழுந்தது, சின்ன ஓட்டுநர்கள் அதில் திரும்பி வந்துவிட்டார்கள். மாஸ்டர்பீஸ் பொம்மைகள் அழகானவை என்றாலும் மாற்றுவதற்கு நிறைய நேரமும் பொறுமையும் வேண்டும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் எடுங்கள்.

படி 3: ஜப்பானிய விற்பனைக் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள்

டோக்கியோவுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் நகானோ பிராட்வே கட்டடத்தில் ஒரு நாளைக் கழியுங்கள். 1966-இல் திறந்த பழைய வணிக வளாகம். 1980-இல் அங்கே பழைய மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) கடையாகத் தொடங்கிய மண்டராகே, இன்று அதே கட்டடத்தில் பல கடைகளாகப் பரந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பாப்பி காலத்துப் பெட்டிகள் வரிசையாக நிற்கும்.

பெரும்பாலோருக்கு வழி இணையம்தான். ஜப்பானிய ஏலத் தளங்களில் விற்பவர்கள் பலர் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. நமக்காக வாங்கி, ஜப்பானில் வைத்திருந்து, சேர்த்து அனுப்பும் முகவர் சேவைகள் இருக்கின்றன. சிக்கல் மொழியில். மொழிபெயர்ப்புச் செயலி சில சொற்களை விநோதமாகக் காட்டும். இந்தச் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

டோஜிமோனோ என்றால் ‘அந்தக் காலத்துப் பொருள்’, அதாவது முதல் வெளியீடு. ஃபுக்கோகு என்றால் மறுவெளியீடு. டகாரா 2000-க்குப் பிறகு பழைய வடிவங்களையே மறுபடி வெளியிட்டிருப்பதால், இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே விலை மடங்கு மடங்காக வேறுபடும். கன்பின் என்றால் எல்லா உதிரியும் உண்டு. கெப்பின் என்றால் ஏதோ ஒன்று இல்லை. ஹாகோ நாஷி, பெட்டி இல்லை. மிகாய்ஃபூ, பிரிக்கப்படாதது. யாகே என்பதைச் செயலி ‘எரிந்தது’ என்று சொல்லக்கூடும்; பதறாதீர்கள், வெயிலோ வயதோ பட்டு நிறம் மாறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஜங்கு என்று போட்டிருந்தால் பழுது, திருப்பித் தர முடியாது. ஜங்கு வாங்கக்கூடாது என்றில்லை. உதிரி பாகத்துக்காக நானே வாங்கியிருக்கிறேன்.

படி 4: படங்களைச் சோதியுங்கள்

வாங்கிய புதிதில் எனக்கு நேர்ந்தது இது. ஒரு கார் ரோபோ, ஐந்து படங்கள், எல்லாமே கார் வடிவத்தில். பளபளவென்று இருந்தது. வந்து சேர்ந்தபின் கையை வெளியே இழுத்தேன், இடது கை என் விரலோடு வந்துவிட்டது. மூட்டுக்குள் இருந்த பிளாஸ்டிக் முளை எப்போதோ முறிந்து, கார் வடிவத்தில் சும்மா செருகி வைக்கப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து ரோபோ வடிவப் படம் இல்லாத எதையும் கேட்காமல் வாங்குவதில்லை. இரண்டு வடிவமும், முதுகும், உள்ளங்காலும் தெரிய வேண்டும். உள்ளங்காலிலோ முதுகிலோதான் உற்பத்தியாளர் முத்திரையும் ஆண்டும் பெரும்பாலும் இருக்கும். எழுத்துகள் மழுங்கி, குரோம் பூச்சு மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் அது போலிப் பொம்மையாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது, காணாமல் போகும் சின்ன பாகங்கள். கான்வாய்க்கு நீல நிறக் கை முஷ்டிகள் இரண்டும் தனியாகச் செருகுபவை. பிள்ளைகள் விளையாடிய பொம்மையில் முதலில் தொலைவது அவைதான். ஏவுகணைகள், துப்பாக்கி, டயாகுளோன் என்றால் ஓட்டுநர்கள். வாங்கும் முன் அந்த மாடலின் முழுப் பட்டியலையும் பெட்டியின் பின்புறப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள்.

தங்க நிறப் பிளாஸ்டிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த சில பொம்மைகளில், உலோகத் துகளைக் கலந்து சுழி சுழியாக மின்னும் பொன்னிறப் பிளாஸ்டிக் பயன்படுத்தினார்கள். அது வருடங்கள் போகப்போக உள்ளுக்குள்ளேயே நலிந்து, பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் தப்பாது. 1988-இல் டகாரா வெளியிட்ட பிளாக் ஜாரக் இதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட பொம்மையைச் சேகரிப்பின் தொடக்கத்தில் தொடவே வேண்டாம்.

படி 5: மொத்தக் கணக்கு போடுங்கள்

ஏலத்தில் காட்டும் விலை பாதிக் கதைதான். முகவர் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, அங்கிருந்து இங்கே வரும் செலவு, கடைசியில் சுங்கம். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. இதைத் தவிர 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குத் தர முத்திரை விதியும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன் அன்றைய விதியையும் வரியையும் பார்த்துவிட்டு, வரியையும் விலையோடு சேர்த்தே ஏலம் கேளுங்கள். பெரிய பெட்டி என்றால் எடையை விட்டுவிட்டு இடத்தை அளந்து கட்டணம் போடுவார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

படி 6: முதல் முறை மாற்றுவது

பொதி வந்ததும் உடனே திருகாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென முறியும். விமானத்தில் வந்ததை ஒரு இரவு அறையிலேயே வைத்திருங்கள். மேசையில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், ஒரு ஸ்ப்ரிங் தெறித்தாலும் கண்ணில் படும்.

ஃபேர்லேடியை வைத்தே சொல்கிறேன். காரின் பின்பாதியை நீட்டினால் கால்கள். முன்பக்க பானெட் மடங்கி மார்பாகும். கதவுகள் தோளுக்குப் பின்னால் விரிந்து இறக்கைகள் மாதிரி நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பாகத்தின் நுனியைப் பிடித்து இழுக்காமல், மூட்டுக்கு மிக அருகில் பிடித்து அசையுங்கள். எங்கே இறுக்கமாக இருக்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு, வேறு எது வழியை மறிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாகத்தை முன்னதாக நகர்த்த மறந்திருப்போம். பலம் கொடுத்துத் திறந்த மூட்டு ஒன்றுகூட எனக்கு நன்றாக அமைந்ததில்லை.

திருகாணியைக் கழற்ற நேர்ந்தால் ஜப்பானியத் தரத்துக்கான திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையைத் தேய்த்துவிடும்.

படி 7: வைக்கும் இடம்

வெயில் படாத அலமாரி. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளிப்பதற்குப் புற ஊதாக் கதிர் ஒரு முக்கியக் காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கலாம் என்று சொல்வார்கள். மஞ்சள் திரும்பி வந்துவிடுவதும் உண்டு, தொடக்கத்தில் இதில் இறங்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டிக்கர் உரியும், திருகாணி துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். மென்மையான ரப்பர் சக்கரமோ வினைல் பாகமோ வேறு பிளாஸ்டிக்கின் மேல் அழுந்தியபடி வருடக்கணக்கில் கிடந்தால், அந்த இடம் உருகிப் பிசுபிசுக்கும். நடுவில் ஒரு சாதாரண வெள்ளைத் தாள் வையுங்கள். குரோம் பூச்சைச் சாராயக் கலவையால் துடைக்காதீர்கள், உலர்ந்த மென்தூரிகையே போதும்.

மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முறை மாற்றி, மறு வடிவத்தில் திரும்ப வைக்கிறேன். இந்த மாதம் ஃபேர்லேடி காராக இருக்கிறது. டயாகுளோன் ஓட்டுநர் ஒருவரைத் தனியாகத் தேடி வாங்கியிருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடுவார். இருக்கை தயாராக இருக்கிறது.