எலக்ட்ரீஷியன் ஆக கம்யூனிட்டி காலேஜ்: ஃபீஸ் கட்டும் முன் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்று கம்யூனிட்டி காலேஜில் சேரப் போகிறீர்களா? நல்ல முடிவு, ஆனால் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. சான்றிதழ் வாங்கிய மறுநாளே தனியாக வேலை எடுத்துச் செய்ய முடியாது. பல மாநிலங்களில் ஜர்னிமேன் லைசென்ஸுக்கு, அதாவது பயிற்சி முடித்த எலக்ட்ரீஷியனுக்கான லைசென்ஸுக்கு, 8,000 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது சுமார் நான்கு வருடம். இல்லினாய், பென்சில்வேனியா மாதிரி இடங்களில் மாநில அளவில் லைசென்ஸே கிடையாது, அந்தந்த ஊர் நிர்வாகம்தான் விதி வைக்கிறது.

அதனால் முதல் வேலை, லைசென்ஸ் தருகிற அலுவலகத்துக்கு ஒரு போன். இந்தக் காலேஜில் படிக்கிற நேரத்தில் எவ்வளவை என் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள். காலேஜ் சொல்வதை மட்டும் நம்பி இரண்டு வருடம் போட்டுவிடாதீர்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டே பழக அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது. அதன் வகுப்புகள் பல ஊர்களில் கம்யூனிட்டி காலேஜிலேயே நடக்கும். யூனியன் வழியாகப் போனால் நுழைவுத் தேர்வில் அல்ஜிப்ரா வரும், கணக்கு மறந்து போயிருந்தால் ஒரு செமஸ்டர் அதற்கு ஒதுக்குவது வீண் இல்லை. ஃபீஸுக்கு ஃபாஃப்சா (FAFSA) என்கிற மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்புங்கள், அதன் வழியாகப் பெல் கிரான்ட் என்கிற உதவித்தொகை கிடைத்தால் பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

சரி, சேர்ந்தாயிற்று. லேபில் கிடைக்கிற நேரத்தை விட்டுவிடாதீர்கள், முக்கியமாக வயர் போகிற இரும்புப் பைப்பை வளைப்பதில். சுவரை ஒட்டி வரும் பைப் ஒரு பாக்ஸுக்குள் நுழைய 4 அங்குலம் தள்ளிப் போக வேண்டும் என்றால் 30 டிகிரியில் இரண்டு வளைவு, இரண்டு குறிகளுக்கும் நடுவே அதைப்போல இரண்டு மடங்கு, 8 அங்குலம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது வளைவு போடும்போது பைப் கையில் துளி திரும்பினாலும் கோணலாகிவிடும், சுவரில் வைத்துப் பார்த்தால் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். இது புத்தகத்தில் வராது, பத்து இருபது பைப் வீணானால்தான் கைக்கு வரும்.

இந்தியாவில் வயரிங் பழகியவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே பழைய வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல், இங்கே கறுப்பில்தான் கரன்ட் வரும், வெள்ளைதான் நியூட்ரல். பழக்க தோஷத்தில் கை போய்விடும், உயிர் விஷயம் இது. எந்த வயரைத் தொடும் முன்பும் பிரேக்கரை ஆஃப் செய்து பூட்டுங்கள், கரன்ட் இருக்கிற இடத்தில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு தொடப் போகிற வயரில் வையுங்கள், அப்புறம் மறுபடியும் கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டர் செத்துப் போயிருந்தால் அந்த மூன்றாவது தடவைதான் காட்டிக்கொடுக்கும்.

வயரிங் விதிகள் இருக்கிற கோட் புத்தகம் (NEC) மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும், ஆனால் உங்கள் மாநிலம் பழைய பதிப்பிலேயே இருக்கலாம், விசாரித்துவிட்டு வாங்குங்கள். பல இடங்களில் லைசென்ஸ் தேர்வில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் மனப்பாடம் வேண்டாம், எது எங்கே இருக்கிறது என்று சட்டென்று புரட்டப் பழகுங்கள்.

வேலைக்குப் போன முதல் நாளிலிருந்தே மணிக்கணக்கை எழுதி வையுங்கள். ஒரு கம்பெனியை விட்டு வரும்போது அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், கம்பெனி மூடிய பிறகு அந்த மணி நேரத்தை நிரூபிப்பது பெரும்பாடு.