பூவை ஃபிரிட்ஜில் பூட்டி வைக்காதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் பூ என்றதும் கண்முன் வருவது கதம்பம். மல்லிகையும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வாழைநாரில் நெருக்கித் தொடுத்திருக்கும். வாங்கி வந்த பிறகு பல வீடுகளில் நடப்பதுதான் வருத்தம். சுவாமி படத்துக்கு ஒரு துண்டு போகும். மிச்சம் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜுக்குள். இரண்டு நாள் கழித்து எடுத்தால் பழுப்பேறி, ஈர வாடையோடு இருக்கும். நாலு முழம் வாங்கியும் வீட்டில் ஒருவர்கூட அதை முகரவில்லை.

இது வெறும் காசு விரயம் இல்லை. மற்ற புலன்களின் செய்தி மூளையில் தாலமஸ் என்ற பகுதி வழியாகச் சுற்றிப் போகிறது. வாசனை அப்படியில்லை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேரே போய்விடுகிறது. உலர்ந்த மகிழம்பூவை முகர்ந்ததும் பாட்டி வீட்டு முற்றம் நினைவுக்கு வருவது அதனால்தான். ஆனால் மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு மணத்துக்குப் பழகிவிடும். மூடிய அறையில் கூடை சம்பங்கியைக் குவித்தால் தலைவலிதான் மிஞ்சும். ரேழியிலோ திண்ணை ஓரத்திலோ ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு கைப்பிடி வையுங்கள். போக வர ஒவ்வொரு முறையும் புதிதாக மணக்கும்.

மல்லிகையை மலர்ந்த பிறகு வாங்குவதும் தவறு. அது அந்திக்கு மேல் மலரும் பூ. மொட்டாக வாங்கி நீங்களே தொடுங்கள். கையும் கண்ணும் ஒன்றிலேயே நிற்கும் அந்த அரை மணி நேரம், என் அனுபவத்தில், பூவின் மணத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. மிஞ்சியதை வாழை இலையில் சுற்றி வையுங்கள். பழுத்த வாழைத்தார் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

கிண்ணத்துத் தண்ணீரை மாற்ற மறக்கவே கூடாது. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். அரளியில் எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பூவை நம்பி உட்காராதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.

எனக்கு மனம் பொறுக்காத தவறு வேறொன்று: பூ யாருக்கு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு. ஆண்களுக்கு மாலை, துண்டு தவிர வேறில்லை. கணவரை இழந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹேவிலண்ட்-ஜோன்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பூ பெற்ற பெண்கள் எல்லோரும் கண்வரை எட்டும் சிரிப்புச் சிரித்தார்கள். மூன்று நாள் கழித்தும் மனநிலை மேம்பட்டிருந்தது. 55 வயதைக் கடந்தவர்களுக்கு மனநிலையோடு நினைவாற்றலும் கூடியது. பூ வணிகர் சங்கம் நிதி தந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இருந்தாலும் நம் வீடுகளில் பூ மறுக்கப்படுவது பெரும்பாலும் அந்த வயதினருக்குத்தான்.

என் அத்தை கொல்லையில் முல்லைப் பந்தல் போட்டவர். மாமா போனபின் தினமும் பறிப்பார், தொடுப்பார், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். தனக்கென்று ஒரு பூ எடுத்ததில்லை. போன சித்திரையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் முல்லையைப் போட்டு அவர் கட்டிலருகே வைத்தேன். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றார். கிண்ணத்தை நகர்த்தவில்லை. மறுநாள் காலை பார்த்தால் தண்ணீர் மாற்றியிருந்தது. இப்போது சாயங்காலம் பறிப்பதில் முதல் கைப்பிடி அந்தக் கிண்ணத்துக்குத்தான்.