ஆபீஸ் சிஸ்டம் அப்பப்போ மக்கர் பண்ணுதா? ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

முழுசா செத்துப்போன கம்ப்யூட்டர்கூட பரவாயில்லங்க, போனதை மாத்தினா வேலை முடிஞ்சுது. காலைல நல்லா ஓடிட்டு, சாயங்காலம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஏத்துற நேரம் பாத்து தொங்குற சிஸ்டம்தான் உயிரை வாங்கும். கம்ப்யூட்டர் ஹெல்ப் குரூப்ல போய் கேட்டா முதல் ஆளு "ஃபார்மட் போடு ப்ரோ" (எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போடுறது), அடுத்த ஆளு "எஸ்எஸ்டி போடு ப்ரோ" (வேகமான புது டிஸ்க்), மூணாவதா ஒருத்தர் "லினக்ஸுக்கு மாறுங்க". என்ன ஆச்சு, எப்போ ஆச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்குங்க.

சிஸ்டம் பக்கத்துல ஒரு துண்டு பேப்பர் வைங்க. ஒவ்வொரு தடவை தொங்கும்போதும் மணி, என்ன ஓடிட்டு இருந்துச்சு, கரண்ட் போய் வந்துச்சா, பிரிண்ட் குடுத்தீங்களா, இது மட்டும் எழுதுங்க. சும்மா தோணுறத வச்சு பேசுறதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, "எப்பவுமே தொங்குது"ன்னு சொல்றவங்க பேப்பரைப் பாத்தா பாதி நேரம் பிரிண்ட் போடும்போதுதான் தொங்கியிருக்கும்.

அடுத்து ஸ்டார்ட் மெனுல ரிலையபிலிட்டின்னு டைப் பண்ணுங்க, "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி"ன்னு ஒண்ணு வரும். விஸ்டா காலத்துல இருந்து விண்டோஸ்லயே இருக்கு, திறந்து பாக்குறவங்க ரொம்ப கம்மி. நாள் வாரியா ஒரு கிராஃப், 1ல இருந்து 10 வரைக்கும் மார்க், எங்கெல்லாம் விழுந்துச்சோ அங்க சிவப்பு குறி. எந்தத் தேதில இருந்து சிவப்பு ஆரம்பிக்குது, அதுக்கு முந்தின நாள் என்ன அப்டேட், என்ன டிரைவர் (பிரிண்டர் மாதிரி சாமானை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) ஏறிச்சுன்னு பாருங்க. பல கேஸ்ல இங்கயே விடை கிடைச்சிரும்.

இன்னும் விவரம் வேணும்னா, விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தா கெர்னல் பவர் 41ன்னு சிவப்பா ஒரு எரர் நிக்கும். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டா உடனே "எஸ்எம்பிஎஸ் (சிபியூ பெட்டிக்குள்ள கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை) போச்சு, மாத்து"ன்னு சொல்லுவாங்க. அப்படி இல்ல. ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம திரும்ப ஆன் ஆச்சுங்கிறத மட்டும்தான் அது சொல்லுது, ஒருத்தர் மயங்கி விழுந்தாருன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற மாதிரி, ஏன் விழுந்தாருன்னு அவருக்குத் தெரியாது. டீடெய்ல்ஸ் டேப்ல பக்செக் கோடுன்னு ஒரு நம்பர் இருக்கும். அது 0ன்னா ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் விழும்போது வர்ற நீல எரர் திரை) பதிவே ஆகல, அப்போ கரண்ட் கட், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ், இல்ல தொங்கி நீங்களே பட்டனை அழுத்தினது, இந்தப் பக்கம் தேடுங்க. வேற நம்பர் இருந்தா ப்ளூ ஸ்கிரீன். ஆனா இங்க காட்டுறது டெசிமல் (நம்ம சாதா நம்பர்), நெட்ல தேடும்போது ஹெக்ஸ் (16ஐ அடிப்படையா வச்ச நம்பர்)தான் கிடைக்கும், கால்குலேட்டர்ல புரோகிராமர் மோடுல மாத்திக்குங்க. 159ன்னு இருந்தா அது ஹெக்ஸ்ல 9எஃப், டிரைவர் பவர் சம்பந்தப்பட்டது.

நம்ம ஊரு சின்ன ஆபீஸ்ல முதல் சந்தேகம் யுபிஎஸ் மேலதான் வரணும். உள்ள இருக்கிற 12 வோல்ட் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல சோர்ந்துரும், பச்சை லைட் மட்டும் எரியும். எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, யுபிஎஸ்ஸோட பிளக் பாயிண்ட் சுவிட்சை ஆஃப் பண்ணிப் பாருங்க, சிஸ்டமும் சேந்து அணைஞ்சா ஆளு சிக்கியாச்சு. அப்புறம் லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ல மாட்டாதீங்க, அது சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும், 600 விஏ யுபிஎஸ் தாங்காது.

தினமும் ஷட்டவுன் பண்றேனே, அப்புறமும் ஏன் இப்படின்னு கேக்குறவங்களுக்கு: விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழு ஷட்டவுன் கிடையாது, ரீஸ்டார்ட்தான் முழுசு. டாஸ்க் மேனேஜர்ல சிபியூ பக்கத்துல அப்டைம் பாருங்க, நேத்து அணைச்ச சிஸ்டம் பல நாளா ஓடுறதா காட்டும்.

டிஸ்க் சந்தேகம் இருந்தா டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்க. ஹார்ட் டிஸ்க்ல ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் கவுண்ட் (கெட்டுப்போன, கெட்டுப்போயிருக்கலாம்னு சந்தேகப்படுற இடங்களோட எண்ணிக்கை) நாளுக்கு நாள் ஏறுதுன்னா எல்லா சோதனையையும் நிறுத்திட்டு டேலி டேட்டாவையும் மத்த ஃபைலையும் வேற டிஸ்க்குக்கு எடுங்க. சாகப்போற டிஸ்க்ல செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சோதனை) ஓட்டுனா இன்னும் வேகமா போயிடலாம். ஆனா சிஆர்சி எரர் (டேட்டா போற வழியில வர்ற பிழை) மட்டும் ஏறுதுன்னா டிஸ்க்கை வெட்டியா மாத்தாதீங்க, பெரும்பாலும் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிள்தான், அது விலை கம்மி.

ராம் (மெமரி ஸ்டிக்) எடுத்து அதோட பின் பக்கத்தை அழிரப்பர் போட்டுத் தேய்க்கிற நம்ம ஊரு வைத்தியம் பல நேரம் பலிக்குது, ஆனா பிளக்கைப் பிடுங்கிட்டு பண்ணுங்க, துகளை ஊதிட்டு மாட்டுங்க. பலிக்கலன்னா ஒவ்வொரு ராமா தனித்தனியா போட்டு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்க. தினமும் தேதி பின்னாடி போனா மதர்போர்டு பேட்டரி, சிஆர் 2032, மாத்துங்க. ஃபேன்ல தூசி, சொல்லவே வேணாம்.

ஒண்ணு முக்கியம். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, ரெண்டு நாள் ஓட விடுங்க. ராம், டிரைவர், கேபிள் எல்லாம் ஒரே நாள்ல மாத்திட்டு சரியாச்சுன்னா எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது, மறுபடி வந்தா முதல்ல இருந்து.

கம்பெனி குடுத்த லேப்டாப்னா திறக்காதீங்க, ஐடி ஆளுங்ககிட்ட மேல சொன்ன பேப்பரையும் எரர் நம்பரையும் சேத்து டிக்கெட் போடுங்க. பயாஸ் (மதர்போர்டுலயே இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்றதுக்கு முன்னாடி, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட 48 இலக்க ரிகவரி கீ அவங்ககிட்ட இருக்கான்னு உறுதி பண்ணிக்குங்க. 2024 ஜூலை 19 அன்னைக்கு கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேரோட அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துச்சே, அப்போ நிறைய எடத்துல இந்த கீ கிடைக்காமதான் முழி பிதுங்கிச்சு.

இவ்ளோ பாத்தும் தீரலன்னா குரூப்ல கேளுங்க, ஆனா "சிஸ்டம் ப்ராப்ளம், ஹெல்ப்"னு போடாதீங்க. மாடல், விண்டோஸ் வெர்ஷன், எப்போ ஆரம்பிச்சுது, என்னென்ன பாத்தாச்சு, எரர் நம்பர் என்ன, இதை டைப் பண்ணிப் போடுங்க, மானிட்டரை சாய்வா எடுத்த போன் போட்டோ வேணாம், கிளையண்ட் பேரு, ஃபைல் பேரு தெரியாம மறைச்சிடுங்க. "இதுகூட தெரியாதா"ன்னு நாலு பேர் வருவாங்க, அவங்களுக்குப் பதில் போட்டா உங்க கேள்வி கீழ போயிடும், விட்டுருங்க. இன்பாக்ஸ்ல வந்து எனிடெஸ்க் (தூரத்துல இருந்தே உங்க சிஸ்டத்தை இயக்குற சாஃப்ட்வேர்) நம்பர் கேக்குறவங்களுக்கு மட்டும் சாமி சத்தியமா குடுக்காதீங்க, அது ஆபீஸ் சிஸ்டம், உள்ள இருக்கிறது ஊரான் கணக்கு. சரியாச்சுன்னா "சால்வ்ட், தேங்க்ஸ்"னு மட்டும் போட்டுட்டு ஓடாம, எதை மாத்தினதுக்கப்புறம் நின்னுச்சுன்னு அதே இடத்துல ஒரு வரி எழுதிடுங்க.