ரோலர் கோஸ்டர்: வரிசையில் நிற்கும்போதே பார்க்க வேண்டியவை

வரிசையில் காத்திருக்கும் நேரத்தைப் போனில் கழிக்காமல், உள்ளே வந்து நிற்கும் ரயிலின் சக்கரங்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நவீன ரோலர் கோஸ்டரில் ஒரே இடத்தில் மூன்று வகைச் சக்கரங்கள் இருக்கும். ஒன்று தண்டவாளத்தின் மேல் உருளும். இன்னொன்று பக்கவாட்டில் ஒட்டி ஓடி வளைவுகளில் தாங்கும். மூன்றாவது தண்டவாளத்துக்கு அடியில் கவ்வியிருக்கும். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிறதே, அந்த நொடியில் ரயிலும் எழும்பத்தான் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது இந்த அடிச்சக்கரம்தான்.

அமெரிக்காவின் ஜான் மில்லர் 1919இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் 1902இல் கட்டிய லீப் த டிப்ஸ் என்ற கோஸ்டரில் அடிச்சக்கரம் கிடையாது. அதனால் அதன் மேடுகள் மிகவும் தாழ்வு, வேகமும் குறைவு. 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்சன் 5 சென்ட் கட்டணத்தில் ஓட்டிய வண்டி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் போனது. அடிச்சக்கரம் வந்த பிறகே செங்குத்தான இறக்கங்கள் கட்ட முடிந்தது. 1927இல் அதே கோனி ஐலண்டில் வந்த சைக்ளோன் என்ற கோஸ்டர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. (இந்த விளையாட்டின் வேர் ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடைகளில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதை ‘ரஷ்ய மலை’ என்கிறார்கள். ரஷ்யர்களோ ‘அமெரிக்க மலை’ என்கிறார்கள்!)

அடுத்து, ரயில் சங்கிலியில் ஏறும் முதல் மேட்டைக் கவனியுங்கள். ‘டக் டக் டக்’ என்ற சத்தம் கேட்டால், அது சங்கிலியின் சத்தம் அல்ல. ரயிலின் அடியில் இருக்கும் இரும்புக் கொக்கி, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களின் மேல் விழுந்து விழுந்து ஏறும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் அது பிடித்துக்கொள்ளும். சில புதிய ரைடுகளில் சத்தம் வராதபடி செய்திருப்பார்கள்; அமைதியாக ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

பெரும்பாலான ரயில்களுக்கு உச்சியைத் தாண்டிய பிறகு எஞ்சின் கிடையாது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அடியில் மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அந்தக் கையிருப்பைத்தான் கடைசிவரை செலவழிக்க வேண்டும். எதிர்க்காற்று பலமாக அடித்தாலோ சக்கரம் இறுகினாலோ கையிருப்பு தீர்ந்து, ரயில் பள்ளத்தில் நின்றுவிடும். பலத்த காற்றில் ரைடை மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி ஒன்று நின்றால், பின்னால் வரும் ரயில் என்ன ஆகும்? பாதை முழுவதையும் பிளாக் பிளாக்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான் இருக்கலாம். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் ரயிலை நிறுத்த ஓர் இடம் வேண்டும்: சங்கிலி மேடு, பிரேக், நிலையம், இப்படி ஏதாவது ஒன்று. முன் பிளாக் காலியாகிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் நிற்பது நகரும். ஐந்து பிளாக் இருந்தால் அதிகபட்சம் நான்கு ரயில்கள்தான் ஓடலாம்; ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் ரைடில் நடந்தது இதற்கு நேரெதிர். சோதனைக்கு அனுப்பிய காலி ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. அதனால் 16 பேர் அமர்ந்திருந்த அடுத்த ரயிலைக் கணினி சரியாகத்தான் நிறுத்திவைத்தது. கணினிதான் தவறு செய்கிறது என்று நினைத்த ஊழியர்கள் அதை மீறி ரயிலை அனுப்பினார்கள். மோதலில் இரண்டு பெண்கள் தலா ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். எனவே ரைடு நடுவில் நின்றால் “சீக்கிரம் விடுங்க” என்று கத்தாதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து உலோகச் சோர்வு: திரும்பத் திரும்பச் சுமை தாங்கித் தாங்கி உலோகத்தில் விரிசல் விழுவது. 2007இல் ஜப்பானின் எக்ஸ்போலேண்ட் பூங்காவில் கோஸ்டரின் சக்கர அச்சு முறிந்து ஒரு பெண் இறந்தார். அந்த அச்சு 15 ஆண்டுகளாக மாற்றப்படாதது. மீயொலி அல்லது காந்தப் பொடிச் சோதனைதான் இப்படிப்பட்ட விரிசலைக் காட்டும். பார்வையாளரால் முடிந்தது வேறு. 2023இல் அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் ஃப்யூரி 325 ரைடின் தூண் ஒன்று விரிசல் விட்டு, ரயில் போகும்போதெல்லாம் விலகுவதை வந்திருந்த ஒருவர்தான் பார்த்துச் சொன்னார். தூண் பிளந்தோ போல்ட் தொங்கியோ தெரிந்தால் முதலில் ஊழியரிடம் காட்டுங்கள், இன்ஸ்டாகிராம் பிறகு.

ஏறி உட்காரும்போது

இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு சாய்மானத்தில் ஒட்ட உட்காருங்கள். மடியில் பை, சுருட்டிய ஜாக்கெட், தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். லேப் பார் (மடிமேல் இறங்கி உங்களைப் பிடிக்கும் கம்பி) பையின் மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். முதல் இறக்கத்தில் பை நழுவினால், அந்த இடைவெளி முழுவதும் உங்களுக்கும் கம்பிக்கும் நடுவே வந்துவிடும். கம்பி தொடை மடிப்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. பூட்டியதும் நீங்களே ஒருமுறை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அசைந்தால், ரயில் கிளம்பும் முன்பே கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். கூச்சப்பட இது இடமில்லை.

உயர அளவு வயதைப் பற்றியதல்ல, கம்பி யாரைப் பிடிக்கும் என்பதைப் பற்றியது. குழந்தைக்குத் தடித்த செருப்பு போட்டு அளவுகோலை ஏமாற்றுவது அந்தக் கம்பியையே ஏமாற்றுவது. துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள், நீளமான பின்னலைக் கொண்டையாக்குங்கள், கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள்.

முதல்முறை என்றால் நடு வரிசை. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்பாதி ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருக்கும். அதனால் பின்னால் இருப்பவர்களை இறக்கம் வெடுக்கென்று இழுக்கும். மரக் கோஸ்டரில் அச்சுக்கு நேர் மேலே உள்ள இருக்கை அதிகம் குலுக்கும்.

தலையைச் சாய்மானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும் நேரத்தில் திரும்பிப் பேசாதீர்கள். கர்ப்பிணிகள், இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், அண்மையில் கழுத்து அல்லது முதுகு அறுவை செய்தவர்கள் ஏற வேண்டாம். நடுவழியில் நின்றால் கம்பியை நெம்பாமல் உட்கார்ந்திருங்கள், ஊழியர்கள் படி வழியாக வருவார்கள். இறங்கிய பிறகு லேசான தலைச்சுற்றல் சகஜம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, கை கால் மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், எந்த ரைடில் ஏறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.