காக்கையைத் ‘தாத்தா’ என்னும் பிள்ளைக்கு: ஒலிப்புக் குறைபாட்டைக் கண்டறிதலும் பயிற்சியும்

நான்கு வயதைக் கடந்த பிள்ளை மொட்டைமாடிக் காக்கையைத் ‘தாத்தா’ என்றும் கத்தியைத் ‘தத்தி’ என்றும் சொன்னால், அது வெறும் மழலை என்று விட்டுவிடாமல், முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூட ஒலிகள் மங்கலாகவே கேட்கும். அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். நாவில் வசம்பு தேய்ப்பது இதற்கு மருந்தல்ல.

பிறகு படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்தும், விளையாட்டுப் பேச்சைக் கைப்பேசியில் பதிந்தும், எந்த ஒலி எதுவாக மாறுகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். தனித்தனிப் பிழைகளாகத் தெரிபவை பெரும்பாலும் ஒரே பழக்கத்தின் கிளைகள்தாம். மேலே சொன்ன பிள்ளைக்குப் பின்நாவில் பிறக்க வேண்டிய ககரம் முன்னால் வந்து தகரமாகிறது, அவ்வளவே. பழத்தைப் ‘பயம்’ என்பதைக் குறையாக எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் சென்னையில் பல வீடுகளின் பேச்சே அதுதான். (ழகரத்தைப் பிழையின்றிச் சொல்லும் பெரியவர்களே இங்கு எத்தனை பேர்?) ஆனால் ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சொல்லி, வாயசைவைத் தேடித் தடுமாறும் பிள்ளைக்குப் பயிற்சி முறையே வேறு, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற பேச்சுச் சிகிச்சையாளரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம்.

பயிற்சியைச் செவியிலிருந்தே தொடங்க வேண்டும். தட்டு–கட்டு, தண்ணீர்–கண்ணீர் என்று முதல் ஒலி மட்டும் மாறும் சொற்களின் இணைப் படங்களை வைத்து, நாம் சொல்வதைப் பிள்ளை தொட்டுக் காட்டட்டும். அதில் தவறாதபோது பாயில் மல்லாந்து படுக்கவைத்தால் நாக்கு தானே பின்வாங்கும். அந்த நிலையில் ‘அக்’, ‘கா’ என்று சொல்லவைத்து, பின்னர் உட்கார்ந்தும் சொல்லப் பழக்கலாம். அடுத்து பிள்ளை படத்தைக் கேட்க, நாம் எடுத்துக் கொடுக்க வேண்டும்: கட்டு வேண்டி ‘தட்டு’ என்றால் தட்டையே நீட்டுங்கள். தான் சொன்னது வேறு சொல்லாகிவிட்டது என்பதைப் பிள்ளையே உணரும் அந்த நொடி, நூறு முறை திருத்துவதைவிடப் பயன் தரும்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். மற்ற நேரங்களில் “ஒழுங்கா சொல்லு” என்று அதட்டாமல், “ஆமாம், காக்கா பறக்குது” என்று சரியான ஒலிப்பைத் திருப்பிக் கேட்கவிடுங்கள். சொல்லிலிருந்து தொடருக்கு நகர்ந்தபின், விளையாட்டின் நடுவே யாரும் கேட்காமலேயே ‘காக்கா’ என்று வாயில் வரும்வரை அடுத்த ஒலிக்குப் போக வேண்டாம்.