சோற்றை விடாமல் சர்க்கரையைச் சமாளித்த விதம்

ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னதும், "சோற்றை விட்டுடு" என்று ஆளாளுக்கு யோசனை. சப்பாத்திக்கு மாறிப் பார்த்தேன். இரவில் பசி, அப்புறம் பிஸ்கட். சரிப்படவில்லை.

சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்குதான் கைகொடுத்தது. பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு வகை. எங்கள் வீட்டில் நேர்மாறு: தட்டு நிறையச் சோறு, பொரியல் ஊறுகாய் அளவு.

இப்போது தேக்கா சந்தையில் கீரையும் காயும் கூடுதலாக வாங்குகிறேன். அரிசியில் பாதி பாஸ்மதி, பாதி பழுப்பரிசி. பழுப்பரிசியில் தவிடு நீக்கப்படாததால் நார்ச்சத்து அதிகம், வேகவும் நேரமாகும். அதை மட்டும் முதல்நாள் இரவே ஊறவைத்தால் குக்கரில் இரண்டும் சேர்ந்தே வெந்துவிடும். ரசத்துக்கு இந்தச் சோறு அவ்வளவாக எடுபடாது, உண்மைதான். மீன்குழம்புக்குப் பிரமாதம்.

சிரமம் வெளியில்தான். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் "போதும்" என்பதற்குள் இன்னொரு கரண்டி விழுந்துவிடும். உட்கார்ந்ததுமே "அண்ணே, சோறு பாதி, காய் கூட வைங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. மதியத் தூக்கமும் குறைந்தது. தோசைக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.